என் பெயரில் அடித்த பத்திரிகை

தினேஷ்,

கவரைப் பிரித்ததும் இதை யாரிடம் எழுதி வாங்கினேன் என்று யோசிக்காதே. மேலே உள்ள விலாசமும் உள்ளே உள்ள எழுத்தும் என்னுடையவை. அறுபத்தொரு வயதில் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு மத்தியானம் ஆகிறது. விரல் வலித்தால் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்காருகிறேன். எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர், எதிர்வீட்டு மீட்டர் பெட்டி என்று கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக இந்த ஊர் முழுக்க என்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் காது இல்லை. இந்தச் சந்தோஷத்தை உன் கல்யாண மேடையில் உனக்குக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அது முடியாமல் போய்விட்டது. உன் கல்யாணப் பத்திரிகையை நான் படித்துவிட்டேன் தினேஷ். நாள் தாண்டி மூன்று வாரம் கழித்துப் படித்தேன்.

கோபத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் என் தப்பை எழுதுகிறேன், எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. எனக்கு இதயம் மாற்றிய முதல் வருஷம் உனக்கு மறந்திருக்காது. காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் மாத்திரை. எது எதற்கு என்று எனக்கு நிறத்தில்தான் தெரியும். வெள்ளை பெரிசு, மஞ்சள் சின்னது, நீலக் கேப்ஸ்யூல். ஒரு மாதம் மருந்துக் கம்பெனி மாறி நீலம் போய் ஆரஞ்சு வந்தது. அட்டையில் பெயர் அதேதான். படிக்கத் தெரிந்த யாருக்கும் அது ஒரு நொடி வேலை. நான் வேறு யாருடைய மருந்தோ பையில் வந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்தேன். உன்னைக் கேட்டிருக்கலாம். உன் அம்மா எட்டாவது வரை படித்தவள், அவளைக் கேட்டிருக்கலாம். "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது முகத்தைச் சுளிப்பார்களோ என்று வெட்கம். நீ தினமும் வேலையிலிருந்து போனில், "நைனா, எல்லாம் போட்டியா?" என்று கேட்டாய். "போட்டுட்டேன்டா" என்று ஒன்பது நாள் பொய் சொன்னேன்.

அந்த மாத்திரை எதற்கு என்று ஆஸ்பத்திரியில் மாற்று இதயக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் வசந்தா சிஸ்டர் எனக்குப் புரியும்படி சொல்லியிருந்தாள். நான் கல்யாண மண்டபங்களில் வேலை செய்தவன் என்று தெரிந்து அந்தக் கணக்கிலேயே சொன்னாள். "ஐயா, உங்க உடம்புக்கு ஒரு வாட்ச்மேன் இருக்கான். தெரியாத ஆள் உள்ள வந்தா கழுத்தைப் புடிச்சு வெளிய தள்றது அவன் வேலை. இந்த இதயம் அவனுக்குத் தெரியாத ஆள். அதனால மாத்திரை குடுத்து அவனை அரைத் தூக்கத்துல வெச்சிருக்கோம். ஆனா ஒண்ணு, அவன் தூங்கினா திருடனும் ஈஸியா உள்ள வருவான். அடுத்தவங்களுக்கு வர்ற சாதாரண சளியே உங்களுக்குப் பெரிய விஷயம்." ஒன்பது நாளில் நான் அந்த வாட்ச்மேனை எழுப்பி விட்டுவிட்டேன். அவன் இதயத்தைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்துவிட்டான். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, என்னைத் தூக்கிக்கொண்டு நீ ஓடினாய். கழுத்து நரம்பு வழியாகக் கம்பி விட்டு இதயத்தில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். ஊசிமேல் ஊசி போட்டு மீட்டார்கள். நீ பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தாய். வீட்டுக்கு வந்த அன்று என் மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நைனா, இனிமே நீ சொல்றத நான் நம்ப மாட்டேன்" என்றாய். திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது வசந்தாவிடம், எனக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பழைய ஈ.சி.ஜி. தாளின் பின்பக்கம் ஐந்து எழுத்து எழுதிக் கொடுத்து, "அடுத்த தடவை ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு இதை ஒப்பிக்கணும்" என்றாள். பிறகு இரட்டைக் கோடு போட்ட நோட்டு வாங்கித் தந்தாள். அதை மாஸ்க் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். உன் அம்மா மந்தைவெளியில் சமையல் வேலைக்குப் போன பிறகு எடுப்பேன், அவள் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் மூடிவிடுவேன். நான் முழுசாக எழுதிய முதல் வார்த்தை என் பெயர். இரண்டாவது உன் பெயர். உன் கல்யாணத்தைப் பதிவு செய்யும்போது எல்லாரும் என்னிடம் மை டப்பாவை நீட்டுவார்கள், நான் பேனாவைக் கேட்பேன், நீ ஆ என்று பார்ப்பாய். அதைப் படுக்கையில் நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

நான் முப்பது வருஷம் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் மண்டப வாசலில் வாழை மரம் கட்டியவன். பெயர்ப் பலகையைத் தூக்கி நிறுத்துவேன், அதில் யார் பெயர் இருக்கிறது என்று தெரியாது. பந்தி முடிந்த பிறகு சமையற்கட்டுப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு வாழை இறக்கப் போவேன். என் வீட்டுக் கல்யாணத்தில் வாழை மரத்துக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. நம் வீட்டில் பத்துப் பேரை மட்டும் வைத்து, ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து உனக்கும் பவித்ராவுக்கும் நிச்சயம் செய்தோமே, அன்று அந்தப் பெண் மாஸ்க் போட்டுக்கொண்டு என்னிடமிருந்து எட்டவே நின்று, "மாமா, கல்யாணத்துல நீங்க மாஸ்க்கை இறக்காம எப்படிச் சிரிக்கப் போறீங்க?" என்றாள். "கண்ணால சிரிப்பேன்மா" என்றேன். அதற்கு இரண்டு மாதம் கழித்து நீ வந்து, பவித்ராவின் பெரியப்பா இறந்துவிட்டார், தீட்டு கழிந்து தை மாதம்தான் கல்யாணம் என்றாய். முகம் தெரியாத அந்த மனிதருக்காக நான் அன்று ராத்திரி சோறு இறங்காமல் படுத்தேன். பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து போகிற உன்னால் எனக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, தரமணியில் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே நண்பர்களோடு அறை எடுத்துக்கொண்டாய். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நான் மாடிவீட்டுக்காரரிடம் பெருமை அடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜ்மேல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அப்போது எனக்கு எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், சேர்த்தால் தெரியாது; என் பெயரையே அதற்குப் பிறகுதான் எழுதிப் பழகினேன். "யாருது கஸ்தூரி?" என்று கேட்டேன். உன் அம்மா திரும்பாமலே, "ஒண்ணுவிட்ட அண்ணன் பொண்ணு கல்யாணம்யா. அங்கியே வை" என்றாள். வைத்துவிட்டேன். நீங்கள் அதை ஒளித்துக்கூட வைக்கவில்லை தினேஷ். குருடன் எதிரில் எதை வைத்தால் என்ன என்பதுபோல வைத்திருந்தீர்கள். நீ என்னை ஏமாற்றியதைவிட, இவ்வளவு சுலபமாக என்னை ஏமாற்றலாம் என்று நீ நினைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

உன் கல்யாணம் நடந்த அந்த நாளும் ஞாபகம் இருக்கிறது. உன் அம்மா விடியும்போதே பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, அவள் அக்கா வீட்டில் வளைகாப்பு என்று கிளம்பினாள். "நீ வர முடியாதேயா, கூட்டமா கீது" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். இட்லியும் மாத்திரையும் மேஜையில் மூடி வைத்திருந்தாள். காலையில் நீ போன் செய்தாய். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"நைனா, மாத்திரை போட்டியா?"

"போட்டேன். இன்னாடா சத்தம்?"

"ஆபீஸ்ல ஃபங்ஷன் நைனா. ஒண்ணு கேக்கறேன், 'நல்லா இருடா'ன்னு ஒரு தபா சொல்லேன்."

"இன்னாடா ஆச்சு உனக்கு? குடிச்சுக்கீறியா?"

"சொல்லு நைனா. சும்மா."

"நல்லா இருடா கண்ணா. நூறு வருசம் நல்லா இரு" என்றேன், சிரித்துக்கொண்டே. நீ போனை வைத்துவிட்டாய். இப்போது தெரிகிறது, தாலி கட்டிய கையோடு பேசியிருக்கிறாய். கேட்டிருந்தால் உயிரையே கொடுத்திருப்பேன், நீ என் வாயிலிருந்து ஆசீர்வாதத்தைத் திருடிக்கொண்டு போனாய்.

மூன்று வாரம் கழித்து, காலண்டர் படித்து முடித்து வேறு எதைப் படிக்கலாம் என்று தேடியபோது அந்தப் பத்திரிகை கையில் கிடைத்தது. எழுத்து கூட்டிப் படித்தேன். முதலில் கண்ணில் பட்டது என் பெயர். அச்சில் என் பெயரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை, என்னவோ மெடல் வாங்கியதுபோல இருந்தது. பிறகு கஸ்தூரி. பிறகு உன் பெயர், பவித்ராவின் பெயர். நாள். மண்டபத்தின் பெயர், மயிலாப்பூரில் நான் நூறு தடவையாவது வாழை கட்டிய மண்டபம், நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். கீழே வரவேற்பவர்கள் வரிசையில், பவித்ராவின் பெரியப்பா என்று போட்டு, இறந்துபோன அந்த மனிதர் நடுநாயகமாக நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்திருக்கும். எனக்கு அடிக்கவில்லை. மாற்றிய இதயத்துக்கு நரம்பு அறுபட்டிருக்கும், மனசில் நடப்பது அதற்கு உடனே தெரியாது, ரத்தத்தின் வழியாகத்தான் மெதுவாகப் போய்ச் சேரும் என்று வசந்தா சொல்லியிருக்கிறாள். நான் அழுதுகொண்டிருந்தேன், அது பாட்டுக்குச் சீராக அடித்துக்கொண்டிருந்தது. சில நிமிஷம் கழித்து, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கும்போதுதான் அதற்குத் தெரிந்தது. அப்போது அது அடித்த அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில் எனக்குக் கடைசியாகத்தான் விஷயம் வந்தது, என் இதயத்துக்கு அதற்கும் பிறகு.

உன் அம்மா வேலையிலிருந்து வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். நான் பத்திரிகையை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவள் கத்தியை அப்படியே போட்டுவிட்டாள். "யோவ்! உனக்குப் படிக்க வருதா? இன்னாயா இது, எப்பலேர்ந்துயா?" என்று வாயில் கை வைத்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. நான் நிறுத்தாமல் நாள் வரைக்கும் படித்தேன். அப்போதுதான் கையில் என்ன வைத்திருக்கிறேன் என்பது அவளுக்கு உறைத்தது. சிரித்த முகம் சிரித்தபடியே அழ ஆரம்பித்தது.

"அவன்தான்யா சொன்னான். உனக்கு எதுனா ஆயிட்டா கல்யாண நாளும் கருமாதி நாளும் ஒண்ணா வரும்னு அழுதான்யா. நான் இன்னா பண்ணுவேன்? பெத்த புள்ளை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

"பாத பூஜைக்கு யாரு உக்காந்தது?"

அவள் பீன்ஸைப் பார்த்தாள். "உன் தம்பி மணிதான்."

"மணியா? அவன் காலையா கழுவினான் என் புள்ளை? வருசத்துக்கு ஒரு தபாகூட அவனே கழுவ மாட்டானே அந்தக் காலை!"

அழுதுகொண்டிருந்தவள் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அப்போதுகூட உனக்காக மனசுக்குள் வாதாடினேன். டாக்டர் போகக் கூடாது என்று சொல்லியிருப்பார், பிள்ளை என்ன செய்வான் என்று. அதற்குப் பிறகு வந்த பரிசோதனை நாளில் வசந்தாவிடம் கேட்டேன்.

"சிஸ்டர், என் பையன் கல்யாணத்துக்கு நான் போகக் கூடாதுன்னா சொன்னீங்க?"

அவள் முகம் மாறியது. "இல்லையே ஐயா. உங்க பையனே வந்து கேட்டாரு. டாக்டர்கிட்டப் பேசிட்டு எழுதியே குடுத்தேனே. மாஸ்க் போட்டுக்கணும், கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி வந்துட்டு ஒரு மணி நேரத்துல கிளம்பிடணும், காத்தோட்டமா தனியா நாற்காலி, யாரும் கட்டிப் புடிக்கக் கூடாது, சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டோம், ஆனா உங்க ரிப்போர்ட்டுக்குப் போலாம்னுதான் சொன்னோம். நீங்க போகலையா?"

நான் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினேன்.

ஆக, கதவு திறந்துதான் இருந்தது. நீ மூடினாய். என் பெயரில் ஊரையே கூப்பிட்டாய், என்னைக் கூப்பிடவில்லை. வந்தவர்களெல்லாம் அந்தக் காகிதத்தில் என் பெயரைப் பார்த்து, நான் கூப்பிட்டேன் என்றுதானே வந்தார்கள்? கூப்பிட்டவன் எங்கே என்று கேட்டவர்களுக்கு நீ என்ன சொன்னாய்? உடம்பு சரியில்லை என்றா? அன்று என் உடம்பு நன்றாக இருந்தது தினேஷ். மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு ரசம் சாதம் சாப்பிட்டேன்.

நீ பயந்தாய் என்று தெரியும். உன் பயத்துக்கு விதை போட்டது என் ஒன்பது நாள் பொய் என்பதும் தெரியும். அதனால்தான் அதை முதலில் எழுதினேன். ஆனால் நீ என்னை எதற்காகக் காப்பாற்றுகிறாய் என்று யோசித்தாயா? முகம் தெரியாத ஒரு குடும்பம், தங்கள் பிள்ளையைப் பறிகொடுத்த நாளில், அதன் இதயத்தை எனக்குக் கொடுத்தது. நான் தெருவோரக் கையேந்தி பவனில் சாப்பிடுவதில்லை. வெட்டி வைத்த பழத்தைத் தொடுவதில்லை. புறா உட்காரும் மொட்டை மாடிக்குப் போவதில்லை. வெயிலில் குடை, எங்கும் மாஸ்க், தும்முகிறவனைக் கண்டால் பத்தடி தள்ளி நடை. எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்கிறேன். இதெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்த காய்போல இன்னும் பத்து வருஷம் கெடாமல் இருப்பதற்காக அல்ல. காலையில் மீன் கடை திறக்கும் முன் மூச்சு வாங்காமல் கடற்கரை வரை நடக்கிறேனே, அதற்காக. உன் அம்மா என்னைத் திட்டுவதைக் கேட்பதற்காக. பவித்ராவின் கழுத்தில் நீ தாலி கட்டுவதைப் பார்ப்பதற்காகவும்தான். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அது என் உடம்பு, என் ஒரு மணி நேரம். அதை வைத்து நான் என்ன செய்வேன் என்று என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

உனக்கு இப்போது மனைவி இருக்கிறாள், அதனால் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு அவளுக்கு ஒரு கஷ்டம் வரும், அல்லது உன் பிள்ளைக்கு வரும். அவர்கள் நல்லதுக்குத்தானே என்று அவர்களுக்குத் தெரியாமல் எதையும் முடிவு செய்யாதே. பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று எதிரில் உட்கார்ந்து சொல். இரண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம், அது அவமானமில்லை. நானும் அன்று ஆரஞ்சு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இன்னான்னு படிச்சுச் சொல்லுடா" என்று ஒரு வரி கேட்டிருந்தால், நீயும் நானும் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டோம். வசந்தா இதுவரை எழுதியதைப் படித்துப் பிழை திருத்தித் தந்தாள். எங்கள் மாற்று இதயக்காரர்கள் மாதக் கூட்டத்தில் இதை வாசிக்கட்டுமா என்று கேட்டாள். வாசியுங்கள் என்றேன். அங்கே எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். உன் பெயரை மட்டும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். எனக்கு அந்த வார்த்தையை எழுதத் தெரியும், எழுதியும் பார்த்தேன், அடித்துவிட்டேன். ஆனால் இந்தக் கவருக்குள் இன்னொன்றும் இருக்கிறது, எடுத்துப் பார். அது உன் கல்யாணப் பத்திரிகை. அதில் உங்கள் நாளை அடித்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி என்று என் கையால் எழுதியிருக்கிறேன். மண்டபத்தின் பெயரை அடித்துவிட்டு, பட்டினப்பாக்கம் கடற்கரை என்று எழுதியிருக்கிறேன். கூரை கிடையாது, காற்றுக்குப் பஞ்சமில்லை, அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது. வசந்தாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். இரண்டு நாற்காலி போட்டு நானும் உன் அம்மாவும் உட்காருவோம். எங்கள் கால் கழுவ, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு குடம் அவள் கொண்டு வருவாள். நீயும் பவித்ராவும் மாலையோடு வாருங்கள். இரண்டு வாழைக்கன்று வாங்கி வந்து மணலில் நீயே நட்டு வை. மண்ணைத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கயிறு எப்படிக் கட்டுவது என்று தள்ளி நின்று சொல்கிறேன். அன்று சிரித்துக்கொண்டே தெரியாமல் சொன்ன ஆசீர்வாதத்தை, உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்து சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். உங்கள் இருவரில் யாருக்காவது சளி, தொண்டை கரகரப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு, அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பயந்துகொண்டு வராமல் இருந்துவிடாதே. வராவிட்டால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பறக்கும் ரயிலில் ஏறி நானே வந்து நிற்பேன். தரமணி என்று போர்டில் எழுதியிருந்தால் எனக்கு இப்போது தெரியும்.

பத்திரிகையில் என் பெயர் அச்சடித்த இடத்தையும் அடித்துவிட்டேன், அதைப் போட்டது நானில்லை. அதற்குக் கீழே பேனாவால் கோணலாக இருக்கிறதே, அது நான் போட்டது. அந்தப் பெயரில்தான் உங்கள் இருவரையும் கூப்பிடுகிறேன்.

மாஸ்க்கோடு, கண்ணால் சிரிக்கக் காத்திருக்கும்
அப்பா